நூறு தரம் எழுதினா வாசிப்பு வந்திடுமோ?

வாசிக்கத் திணறுற பிள்ளையளைப் பற்றிப் பெற்றார் கூட்டம் ஒண்டில ஒருத்தர் பேசின வீடியோவைப் பாத்தன். "வாசிக்காட்டி கண்ணாடி போடுங்கோ. அதுக்கும் சரிவராட்டி சோம்பல்தான், நூறு தரம் எழுத விடுங்கோ." சனம் கை வேற தட்டுது.

வாசிக்கத் திணறுற பிள்ளைக்குப் பெரும்பாலும் சிக்கல் கண்ணில இல்லை. சொல்லுக்குள்ள இருக்கிற ஒலியைப் பிரிச்சுப் பிடிக்கிறதிலதான். கொப்பி, பென்சில் ஒண்டும் இல்லாமல் கேட்டுப் பாருங்கோ: "பட்டம்" எண்டதில "ட்" போனா என்ன மிச்சம்? "படம்" எண்டு வரவேணும். கண்ணுக்கு வேலையே இல்லாத கேள்வி. அதிலயும் தடக்குப்படுகிற பிள்ளைக்குக் கண்ணாடி என்ன செய்யும்?

1896இல பிரிங்கிள் மோர்கன் எண்ட ஆங்கிலேய மருத்துவர் வாசிப்பு வராத 14 வயசுப் பெடியன் ஒருத்தனைப் பற்றி எழுதினவர். பாடமெல்லாம் வாய்மொழியா நடந்தா அவன்தான் பள்ளிக்கூடத்திலயே கெட்டிக்காரன் எண்டு அவன்ர வாத்தியாரே சொல்லியிருக்கிறார். பாத்த சொல் மனசில நிக்காத குறை எண்டு நினைச்சு, மோர்கன் அதைப் 'பிறவிச் சொற்குருடு' எண்டார். ஆராய்ச்சி அதைத் தாண்டிக் கனதூரம் போட்டுது. நாங்கள் இன்னும் 1896இலதான் நிக்கிறம், கைதட்டலோட.

கண்ணைச் சோதிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சோதியுங்கோ. கண்ணாடி போட்ட பிறகும் "கொக்கு" "கெக்கு" ஆகவே வந்தா கண் டொக்டரிட்டத் திருப்பி அனுப்பாதேங்கோ. "கொ"வில கொம்பு முன்னுக்கு, "க" நடுவில, கால் பின்னுக்கு. வாயில முதல் வாறது "க்", எழுத்தில முதல் நிக்கிறது கொம்பு. அந்தக் காலும் "ர" மாதிரியே கிடக்கும். ஒலி உறுதியா இல்லாத பிள்ளை இதில கொம்பை மட்டும் பிடிச்சுக்கொண்டு ஓடும்.

நூறு தரம் எழுதுற பிள்ளையைக் கிட்ட இருந்து பாருங்கோ. "கொ"வை மேல இருந்து கீழ பக்கம் முழுக்க இறக்கும். பிறகு "க்"கை இறக்கும். பிறகு "கு". பக்கம் நிரம்பும், ஆனா ஒரு தரம்கூட அந்தச் சொல் வாயில வந்திராது. அதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு 15 நிமிசம், ஒரு ஒலிக்கு ஒரு புளியங்கொட்டை: க், ஒ, க், க், உ. ஐஞ்சையும் நகர்த்திச் சொல்லி, சேர்த்துச் சொல்லி, அதுக்குப் பிறகு ஒருக்கா எழுதினாப் போதும்.

கதையை நீங்கள் வாசிச்சுக் காட்டிக் கேள்வி கேளுங்கோ. கேட்டு விளங்குது, தானா வாசிச்சா விளங்கேல்லை எண்டா சிக்கல் எழுத்தை ஒலியாக்கிறதில. கேட்டும் விளங்காட்டி அது வேற, பேச்சுமொழியில இருந்து தொடங்கவேணும்.

"யுத்தம்தான் காரணம்" எண்டு ஆரும் வருவினம். இடம்பெயர்ந்து படிப்புக் குழம்பினது உண்மை, வறுமையும் உண்மை. ஆனா இப்ப தரம் 3இல இருக்கிறது 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை. ஒரே வீட்டில அக்கா வாசிக்கிறாள், தம்பிக்கு வரேல்லை. அதுக்கும் யுத்தமோ?

"எங்கட காலத்தில அடிச்சுத்தான் படிப்பிச்சவை, நாங்கள் வாசிக்கேல்லையோ?" நீங்கள் வாசிச்சனீங்கள்தான். வாசிப்பு வராமல் இடையில நிண்டவை இந்தப் பதிவுக்குக் கீழ கொமெண்ட் எழுத வரமாட்டினம்.

அதுதான் எனக்கு வயிறு எரியுது. தரம் 5 வந்ததும் புலமைப்பரிசில், வெட்டுப்புள்ளி எண்டு இந்தப் பிள்ளையளைக் கடைசி வாங்குக்குத் தள்ளிப்போட்டு, பெறுபேறு வந்த அண்டைக்கு "அதுக்கு மூளை இல்லை" எண்டு தாயிட்டச் சொல்லுறம். "பட்டம்" கேள்வியைத் தரம் 2இல ஆராவது கேட்டனீங்களோ?