நடைக்குழுவில் முக்கியமான ஆள் கடைசியில் வருகிறவர்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் புதிதாக வாக்கிங் குரூப் தொடங்குகிறவர்கள் முதல் வேலையாக டீசர்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்தது வாட்ஸ்அப் குழு. அதற்கடுத்து பேனர் பிடித்து ஒரு போட்டோ. மார்கழிக் குளிரில் நாற்பது பேர் வருவார்கள். பங்குனி பிறந்ததும் பதினைந்து. சித்திரைக் கடைசியில் டீக்கடை வாசலில் நாலு பேர் நிற்பார்கள், அதுவும் டீ குடிக்க. "எல்லாம் சோம்பேறிப் பயலுக" என்று மிச்சம் இருப்பவர்கள் ஏசுவது வழக்கம். அது தப்பு. குழு கலைவது வராமல் நின்றவர்களால் அல்ல, முன்னால் விறுவிறுவென்று போகிறவர்களால்.

நன்றாக நடக்கிறவர்தான் குழுத் தலைவர் ஆகிறார். நேரம், பாதை, தூரம் எல்லாம் அவர் காலுக்குத் தக்கபடி அமைகின்றன. முழங்கால் வலியுள்ள அறுபத்தைந்து வயதுக்காரர் முதல் பத்து நிமிடத்திலேயே முந்நூறு மீட்டர் பின்தங்கிவிடுவார். இருட்டில் தனியாகத்தான் நடக்க வேண்டும் என்றால் அவருக்குக் குழு எதற்கு? மூன்று நாள் பார்ப்பார். நாலாம் நாள், "அண்ணே, இன்னைக்குக் கால் கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்று ஒரு குரல் செய்தி வரும். அவர் திரும்ப வரப்போவதில்லை.

இதற்கு மருந்து, கடைசி ஆள் என்று ஒரு பொறுப்பை உண்டாக்குவது. வாரத்துக்கு ஒருவர், நன்றாக நடக்கிறவர்களிலிருந்து முறை வைத்து. அவர் வேலை எல்லோருக்கும் பின்னால் நடப்பது. யாரையும் அவர் தாண்டக் கூடாது. கையில் சார்ஜ் உள்ள போன், சின்ன டார்ச், பையில் குளுக்கோஸ் பொட்டலம், தண்ணீர், ஒரு கம்பு. கம்பு நாயை அடிக்க அல்ல. தரையில் தட்டினாலே பாதி நாய்கள் விலகிவிடும். ஓடினால்தான் துரத்தும்.

குளுக்கோஸ் ஏன் என்றால், குழுவில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்களாக இருப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சிலர் காரணமில்லாமல் எரிந்துவிழுவார்கள். உடனே உட்காரவைத்து மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சீனியோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட்டும் முந்திரி கேக்கும் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். நெஞ்சை அடைக்கிறது என்று ஒருவர் சொன்னால் "மெதுவா வீட்டுக்கு நடந்துடலாம்ணே" என்று கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போவதுதான் நம் ஊர்களில் செய்யும் பெரிய பிழை. இருந்த இடத்திலேயே உட்கார வைத்து 108க்கு அடியுங்கள்.

பாதை விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தெருக்கள் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கும், வண்டி குறைவு, நடக்க அருமையாகத் தோன்றும். ஆனால் வீடு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டு கிடக்கிறது. பின்கட்டுப் பக்கத் தெருவில் நூறு, இருநூறு மீட்டருக்கு வெறும் சுவர்தான். திண்ணை இல்லை, கடை இல்லை, விளக்கும் இருந்தால் உண்டு. அங்கே ஒருவர் தடுக்கி விழுந்தால் பால்காரர் வரும்வரை பார்க்க ஆளில்லை. முகப்புப் பக்கத் தெருவாகப் பார்த்துப் போங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நடுவிலும் வாசல் தெளிக்கிற ஓர் ஆச்சியாவது கண்ணில் படுவார்.

என்னைக் கேட்டால் ஊருணிக் கரைதான் முதல் இடம். சுற்றிச்சுற்றி வருவதால் யாரும் தொலைந்துபோக முடியாது. எதிர்க்கரையில் போகிறவரும் கண்ணுக்குத் தெரிவார். யாருக்கு முடியவில்லையோ அவர் ஒரு சுற்றோடு படியில் உட்காரலாம், அப்போதும் குழுவோடுதான் இருக்கிறார்.

கரையின் சுற்றளவைப் போனில் அளக்காதீர்கள். சின்னச் சுற்றில் அது மூலையை வெட்டிக் கணக்குப் போடும். சைக்கிள் டயரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, ஒரு முழுச் சுற்று உருட்டி, அந்த நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெரிய சைக்கிளென்றால் 2.2 மீட்டர் பக்கம் வரும். பிறகு கரையைச் சுற்றி உருட்டிப் புள்ளி தரையைத் தொடுவதை எண்ணுங்கள். இருநூறு வந்தால் 440 மீட்டர். ஏழு சுற்று மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நூறு மீட்டருக்கு ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்துவைத்தால் வேகத்தையும் அளக்கலாம்.

கரை ஆறடி அகலமாவது இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மெதுவாக நடப்பவர்கள் வலமாகச் சுற்றட்டும், வேகமாக நடப்பவர்கள் இடமாகச் சுற்றட்டும். நிமிடத்துக்கு 60 மீட்டர் போகிறவரும் 100 மீட்டர் போகிறவரும் இந்த 440 மீட்டர் கரையில் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை நேருக்கு நேர் பார்த்துக்கொள்வார்கள். ஒரே பக்கமாகச் சுற்றினால் பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை முதுகைத்தான் பார்ப்பார்கள். ஊருணியை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெரியவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அவரை மெதுவாக நடக்கும் அணியில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

குடிநீர் ஊருணியென்றால் செருப்போடு படியில் இறங்கக் கூடாது, இதைச் சொல்லியே சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படி பாசி பிடித்து வழுக்கும், கரைப் புல்லில் பாம்பு இருக்கும். அந்த இரண்டு மாதமும் தெருவே நல்லது. மழை இல்லாத நாளில் சறுக்குவது சரளையால். செம்மண் மேல் உருண்டையாகக் கிடக்கும் சின்னக் கல், சரிவில் கால் வைத்ததும் உருளும். அடி தேய்ந்த ஷூவோடு வருகிறவர்தான் முதலில் விழுவார். தினம் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஒரு ஜோடி ஷூ ஏறக்குறைய ஒரு வருஷம். அதற்குமேல் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அடியில் மெத்தை செத்துப்போயிருக்கும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும், சர்க்கரைக்காரருக்கு அது குத்தியதே தெரியாது. வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். ஊருக்குள் சாலையில் நடக்க வேண்டி வந்தால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இடது ஓரம் நடப்பது பழக்கத்தால் வருவது. பின்னால் வருகிற வண்டிக்கு முதுகு காட்டிக்கொண்டு நாலு பேர் வரிசையாகப் பேசிக்கொண்டு போவதைவிட ஆபத்து எதுவும் இல்லை. இரண்டிரண்டு பேர், வளைவில் ஒருவர் பின் ஒருவர்.

நேரம்: வருஷம் முழுக்க "காலை ஐந்து மணி" என்று போர்டு எழுதாதீர்கள். மே மாதம் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜனவரியில் ஆறரை தாண்ட வேண்டும். கோடையில் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறே கால் என்று மாற்றிக்கொண்டால் பாதி விபத்து குறையும்.

வேகத்துக்குக் கடிகாரம் போதும். பதினைந்து நொடியில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு நூறு, பெரும்பாலோருக்கு அதுவே மிதமான வேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள் போதும். பத்தாயிரம் அடி என்பது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. அதை வேதம் போல் பிடித்துக்கொண்டு புதிதாக வருகிறவரை விரட்டக் கூடாது. அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் பாதை குறித்தார்கள். நல்ல காரியம். ஆனால் முதல் வாரத்துக்காரருக்கு எட்டைக் காட்டாதீர்கள், இரண்டு போதும்.

இப்போது டீக்கடை. நம் ஊர்ச் சமாச்சாரமே இங்கேதான் கெடுகிறது. முதல் நாள் ஒருவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். மறுநாள் அடுத்தவர் டீயோடு வடை. மூன்றாம் நாள் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். பேரன் பிறந்தால் கந்தரப்பம் தூக்குவாளியில் வரும். மொய் எழுதிப் பழகிய ஊர், வாங்கியதைக் கூட்டித்தான் திருப்பத் தெரியும். ஓய்வூதியத்தை எண்ணிச் செலவு செய்கிறவர் தன் முறை வருவதற்கு முந்தின நாள் நின்றுவிடுவார். காரணம் யாருக்கும் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். அதனால் முதல் நாளே விதி: அவரவர் டீக்கு அவரவர் காசு. விசேஷமெல்லாம் மாதக் கடைசி ஞாயிறு ஒரே நாளில், அதுவும் பொதுப் பணத்தில். உடம்புக் கணக்கும் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் நடையில் செலவாவது 150 கலோரி அளவுதான். சர்க்கரை போட்ட ஒரு டீயும் ஒரு வடையும் அதைத் திருப்பித் தந்துவிடும். மாஸ்டரிடம் சீனியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு மட்டும்.

ஆச்சிமார் ஏன் வருவதில்லை என்று கேட்கிறவர்கள், காலை ஐந்தரைக்கு அவர்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததில்லையா? மாலை ஐந்து மணிக்குக் கோயிலைச் சுற்றி ஓர் அணி வையுங்கள். பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். கழிப்பறை உள்ள இடமாகப் பாருங்கள். மே மாதம் அந்த நேரத்தில் கல் தரை கொதிக்கும், வெறுங்காலோடு சுற்றச் சொல்லக் கூடாது.

கடைசி ஆளின் இன்னொரு வேலை வருகைப் பதிவு. நோட்டில் பெயர் பார்த்து, வராதவர்களுக்கு ஏழு மணிக்கு ஒரு போன். வெளியூர் போகிறவர் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் வராதவரைத்தான் கேட்கிறோம். கால் மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரியவர்கள் இருவர் மட்டும், சில வீட்டில் ஒருவர் மட்டும். முகப்பில் நின்று கூப்பிட்டால், முற்றத்தைச் சுற்றிய வளவு தாண்டி இரண்டாங்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தால் தட்டுவதும் வீண். ஒருவர் முகப்பிலும் ஒருவர் அடுத்த தெருப் பின்வாசலிலும் நிற்க வேண்டும். சேரும்போதே ஒரு அட்டை எழுதி வாங்குங்கள்: ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, பிள்ளையின் எண், பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது. அந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வாட்ஸ்அப் குழுவை இதற்கு மட்டும் வையுங்கள். காலை வணக்கப் பூ, கட்சிச் செய்தி, ஜோசியம் வந்தால் நிர்வாகி தயங்காமல் அழிக்க வேண்டும்.

சங்கமாகப் பதிவு செய்ய அவசரம் வேண்டாம். 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். பதிந்தால் ஆண்டுக் கூட்டம், வரவு செலவு என்று எழுத்துவேலை வந்து சேரும். வங்கிக் கணக்கு தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நடைக்குழு என்பதே நகரத்திலிருந்து வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரையைப் பார்க்கட்டும். எங்கே தங்குவது, யார் முன்னால் போய் உலை வைப்பது, பின்தங்கியவரை யார் கூட்டி வருவது எல்லாம் அதில் முன்பே தீர்மானம். தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் நடந்தவர் நேரே அதில் இறங்கிக் குன்றக்குடி தாண்டும் முன்பே காலில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவது வருஷாவருஷம் நடக்கிறது. கார்த்திகையிலேயே தொடங்கி வாரந்தோறும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மார்கழிக் கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடந்து பாருங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்து கிலோமீட்டர், அங்கிருந்து பிள்ளையார்பட்டி இன்னும் மூன்று. ஒத்திகைக்கு அளவான தூரம், திரும்பி வர பஸ்ஸும் உண்டு. கொப்புளம் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வரும், கிளம்பும் முன்பே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

டீசர்ட் அடித்தே தீருவோம் என்றால், கறுப்பும் கருநீலமும் வேண்டாம். வெள்ளையோ வெளிர் மஞ்சளோ எடுத்து, புரவலர் பெயர் போடும் முதுகில் இரண்டு அங்குல ஒளிரும் பட்டையை ஒட்டுங்கள். பெயர் நெஞ்சுப் பக்கம் போகட்டும். ஆச்சிமாரைச் சேலைக்கு மேல் டீசர்ட் போடச் சொல்லாதீர்கள். அதே பட்டையில் ஒரு துண்டை வெட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக் கொடுங்கள், கை வீசும்போது வண்டிக்காரனுக்கு அதுதான் முதலில் தெரியும்.