ஒரே ஆட்சி என்றாலும் விசாரணை இருந்தது

“மதராஸில் குற்றம் செய்துவிட்டு சிங்கப்பூருக்கு ஓடி வந்தால், இரண்டும் வெள்ளைக்காரன் ஆட்சிதானே, போலீஸ் பிடித்து அடுத்த கப்பலில் ஏற்றிவிடும்” என்று பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தைப் பற்றி மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 1867இலேயே சிங்கப்பூர் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்துவிட்டது. 1881ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டப்படி, பிடிபட்டவரை முதலில் இங்குள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டியிருந்தது. குற்றம் செய்திருப்பார் என்று நம்பவைக்கும் சாட்சியம் இருந்தால்தான், திருப்பி அனுப்பும்வரை சிறையில் வைக்க முடிந்தது. அப்புறமும் 15 நாள் ஆகும்வரை அனுப்ப முடியாது என்றிருந்தது. ஆட்கொணர்வு மனு, அதாவது தன்னைச் சிறை வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தில் கேட்கும் மனு, போடும் உரிமை உண்டு என்பதை மாஜிஸ்திரேட்டே அவரிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. ஊர் தெரியாமல் வந்திறங்கிய கூலிக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்! திருப்பி அனுப்ப உத்தரவிட்டவர் ஆளுநர். சிறையில் வைத்த ஒரு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் அவர் விடுதலை கேட்க முடிந்தது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணே.