புரோக்கரிடம் கமிஷன் பேசாதீங்க, நேரம் பேசுங்க

நம் குமரி மாவட்டத்தில் வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் வேலையில் இறங்கும் சிவில் எஞ்சினியர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி. "புரோக்கர் நமக்கு ஆள் அனுப்புவாரா? அனுப்பினா எத்தனை பர்சென்ட் கொடுக்கணும்?" இரண்டாவதை மறந்துவிட்டால் முதல் கேள்விக்கு வழி இருக்கிறது.

புரோக்கர் இன்ஸ்பெக்‌ஷனை ஏன் வெறுக்கிறார் என்று பாருங்கள். அவருக்குப் பத்திரம் பதிந்தால்தான் காசு. மூன்று மாசம் பைக்கில் ஆளை ஏற்றிக்கொண்டு சுங்கான்கடைக்கும் தக்கலைக்கும் அலைந்திருப்பார். ஒரு வழியாக விலை படிந்து, அட்வான்ஸ் கை மாறி, அக்ரிமென்ட் எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்குகிறவரின் மச்சான் ஒருவர், "எதுக்கும் ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டிருவோம்" என்கிறார். நாம் போய் மேல்தட்டில், அதாவது கான்கிரீட் கூரையில், கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று எழுதுகிறோம். வாங்குகிறவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். விற்கிறவர் அந்தப் பணத்தை ஏற்கெனவே பேங்க் லோனில் கட்டிவிட்டார். நடுவில் மாட்டிக்கொள்வது புரோக்கர். இரண்டு வீட்டாருக்கும் அவர்தான் முகம். ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலிலோ சர்ச்சிலோ அவர்களைப் பார்த்தாக வேண்டும்.

அதே துரு அட்வான்ஸுக்கு முன்னால் தெரிந்தால் அது வெறும் விலைப்பேச்சு. "தட்டு சரி பண்ணணும், அதுக்குக் குறைச்சுக் குடுங்க" என்று புரோக்கரே நின்று பேசி முடித்துவிடுவார். ஆகவே அவரிடம் நீங்கள் கொண்டுபோக வேண்டிய பேச்சு இதுதான்: "அண்ணாச்சி, பார்ட்டி இரண்டாவது தடவை குடும்பத்தோட வந்து பார்த்துட்டு, பிடிச்சிருக்குன்னு சொன்ன அன்னைக்குக் கூப்பிடுங்க. மறுநாள் வீடு பார்த்து, அதுக்கு அடுத்த நாள் ரிப்போர்ட். அதுக்கப்புறம் விலை பேசுங்க." மொத்தம் 48 மணி நேரம். இந்த 48 மணி நேரத்தை நீங்கள் ஒரு தடவைகூடத் தவறவிடக் கூடாது. நம்மைப் பற்றி அவருக்கு நினைவிருக்கப் போவது அந்த ஒன்றுதான், விசிட்டிங் கார்டும் வருஷக் காலண்டரும் கிடையாது.

கல்ஃப் பார்ட்டி என்றால் நேரம் இன்னும் இறுக்கம். முப்பது நாள் லீவில் வந்து வீடு பார்த்து, பதிவு முடித்துத் திரும்ப வேண்டியவர்கள். லீவு கிடைக்காதவர் அங்கிருந்தே வாங்குவார். ஊரில் அப்பாவோ மைத்துனரோ பவர் வைத்துக்கொண்டு நடப்பார். இவர்களுக்கு மொட்டை மாடியிலிருந்து வீடியோ கால் போடுவதை வழக்கமாக்குங்கள். சவுதி, குவைத், கத்தார் என்றால் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. நம் நேரம் காலை பதினொன்றரை அவர்களுக்கு ஒன்பது. இதைக் கேட்காமலே செய்கிற எஞ்சினியரின் நம்பர் புரோக்கர் போனில் மேலே இருக்கும்.

"பேங்க் லோனுக்கு எஞ்சினியர் வந்து பார்ப்பாரே, அப்புறம் இது எதுக்கு?" என்று வாங்குகிறவர் கேட்பார். புரோக்கருக்கே இதில் குழப்பம் உண்டு. பேங்க் பேனல் வேல்யூவர் பார்ப்பது, கொடுக்கிற கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. அளவு, எல்லை, பிளான் அப்ரூவல், சந்தை விலை, அவ்வளவு. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறதா, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. வக்கீல் ஒபீனியன் பத்திரத்தைப் பார்க்கிறது, வேல்யூவர் விலையைப் பார்க்கிறார், வீட்டை யாரும் பார்ப்பதில்லை. இந்த மூன்றையும் பிரித்து அரைப்பக்கத்தில் தமிழில் அடித்துப் புரோக்கர் கையில் கொடுங்கள். அவர் அதை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார். உங்களுக்கு அதுதான் விளம்பரம்.

வேலைத்தரம் பற்றி. புரோக்கர் உங்களை நம்ப வேண்டுமென்றால், அவர் ஏரியாவின் நோய் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் மூன்று விதமான வீடு இருக்கிறது.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி பக்கம் உப்புக்காற்று. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. பழைய வீடுகளில் தட்டின் அடியில் 20 இருந்தாலே பெரிது. அங்கே டார்ச்சைச் சீலிங்கை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கம்பி ஓடும் இடைவெளியிலேயே, அஞ்சாறு அங்குலத்துக்கு ஒன்றாகப் பழுப்புக் கோடு தெரிந்தால் துரு வேலையைத் தொடங்கிவிட்டது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறும். பூச்சோ கான்கிரீட்டோ கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். சாக்பீஸால் அந்த எல்லையை வரைந்து, டேப் வைத்து அளந்து, டேப்போடு சேர்த்து போட்டோ எடுங்கள். ஒரே ஒரு அறைச் சீலிங்குக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த அறையில் இரட்டிப்பு நேரம் செலவழியுங்கள்.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் வயலையும் குளத்தையும் நிரப்பிப் போட்ட மனைகள். அங்கே சிக்கல் அடியில். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் விரிசல், கீழே மெல்லிசாகவும் மேலே அகலமாகவும் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல் வேறு விஷயம்; அது பூச்சு காயும்போது வந்தது. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதுகிற எஞ்சினியரைப் புரோக்கர் மறுபடி கூப்பிட மாட்டார். கூப்பிடாதது நியாயம்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் சரிவு நிலம். மண்ணை வெட்டி வீடு வைத்திருப்பார்கள், பின்னால் கருங்கல் தடுப்புச் சுவர். அதில் நீர் வடியத் துளை விட்டிருக்கிறார்களா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று தூக்குக்குண்டு போட்டுப் பார்க்காமல் உள்ளே போய் டைல்ஸைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை. பழைய ஓட்டு வீடென்றால் ஏணி போட்டுக் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) முனைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். நடு மரம் தேக்கு மாதிரி இருக்கும், சுவரில் உட்காரும் முனை கறையானுக்கு விருந்தாகியிருக்கும்.

மூன்று பகுதிக்கும் பொதுவானது மொட்டை மாடி ஷீட். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டும் அடிக்கிற ஊர் இது; ட்ரஸ் ஷீட் போடுவது சகஜம். "நிழலுக்குப் போட்டோம்" என்பார்கள். இருக்கலாம். ஒழுகுகிற தட்டை மறைக்கப் போட்டதாகவும் இருக்கலாம். ஷீட்டுக்கு அடியில் தட்டின் மேல்பக்கத்தைப் பாருங்கள், பழைய பாசிக் கறை கதை சொல்லும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஷீட்டுகள் பறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை, அதனால் ஸ்க்ரூ துருவையும் சேர்த்து எழுதினால் புரோக்கரே ஆமோதிப்பார்.

கிணறு பற்றி ஒரு கணக்கு. செப்டிக் டேங்கின் சோக் பிட் (கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி) குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான தரநிலை ஐ.எஸ். 2470. அஞ்சு சென்ட் மனை சுத்த சதுரமாக இருந்தாலே ஒரு பக்கம் 14 மீட்டர்தான் வரும். மூலைக்கு மூலை அளந்தால் 20. அதாவது அஞ்சு சென்ட் வீட்டில் இந்த விதி பெரும்பாலும் நிறைவேறாது, பக்கத்து வீட்டு சோக் பிட்டை வேறு சேர்க்க வேண்டும். இதை "விதிமீறல்" என்று சிவப்பு மையில் எழுதினால் மாவட்டத்தில் பாதி வீடு விற்காது. தூரத்தை அளந்து எழுதுங்கள், தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் கோலிஃபார்ம் கிருமி டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு வாங்குகிறவர் தீர்மானிக்கட்டும்.

ரிப்போர்ட் எழுதும் விதத்தில்தான் பாதிப் பேர் புரோக்கரை இழக்கிறார்கள். நாற்பது பக்கம், இருநூறு போட்டோ, எல்லாவற்றுக்கும் "கவனிக்கத்தக்கது". சுவிட்ச் பாக்ஸ் மூடி உடைந்ததும் பீமில் கம்பி தெரிவதும் ஒரே எழுத்தில். வாங்குகிறவர் இரண்டு பக்கம் படித்துப் பயந்து ஓடுவார்.

முதல் பக்கம் ஒன்று போதும், தமிழில். மூன்று பிரிவு: குடியேறும் முன் சரிசெய்ய வேண்டியவை, விலையில் பேச வேண்டியவை, வருகிற வருஷங்களில் செலவு வைக்கப் போகிறவை. போட்டோவும் அளவும் பின்னால் வரட்டும். "மேல்தட்டு மிக மோசமான நிலையில் உள்ளது" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "தென்மேற்குப் படுக்கையறை, தட்டின் அடிப்பக்கம், மேற்குச் சுவரை ஒட்டி 4 அடிக்கு 3 அடி பரப்பில் பூச்சு கழன்றிருக்கிறது. இரண்டு கம்பிகள் வெளியே தெரிகின்றன, மேல்துரு உண்டு. மற்ற அறைகளில் தட்டிப் பார்த்ததில் இப்படி இல்லை." கடைசி வரிதான் புரோக்கருக்கு உயிர். நல்லதையும் சோதித்த பிறகு எழுதினால் அது புகழ்ச்சி ஆகாது, தகவல். ரிப்பேர் செலவை நீங்கள் சொல்ல வேண்டாம்; 12 சதுர அடி என்று அளவு கொடுத்தால் எந்த மேஸ்திரியும் ரேட் சொல்வார்.

பூட்டிய அறை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பீரோவுக்குப் பின்னால் என்று பார்க்க முடியாமல் போனவற்றைத் தனியாக எழுதுவது உங்களைக் காப்பாற்றும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காசு வாங்கிச் செய்கிற சேவை இது. குறைபாடு என்று கேஸ் போட வழியுண்டு. ஒழுக்கு அடுத்த ஜூனில் வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான். ஜனவரி, பிப்ரவரியில் பார்த்த வீடு என்றால் தேதியோடு "மழையில்லாக் காலம்" என்றே எழுதிவிடுங்கள்.

கமிஷனுக்கு வருவோம். நம் ஊரில் வீட்டு ஆய்வாளருக்கென்று தனி லைசென்ஸ் இல்லை, ஆகவே கொடுக்காதே என்று தடுக்கவும் ஆளில்லை. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய ஏ.எஸ்.எச்.ஐ. என்ற வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் நெறிமுறையில் இரண்டையும் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறார்கள்: ஆள் அனுப்பியதற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது, வியாபாரம் முடிந்தால்தான் ஃபீஸ் என்று ஒப்புக்கொள்ளவும் கூடாது. கலிபோர்னியாவில் ஆய்வாளர் தாம் சோதித்த வீட்டில் பன்னிரண்டு மாசத்துக்கு ரிப்பேர் வேலை எடுப்பது சட்டப்படியே தப்பு. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காரணம் எளிது. புரோக்கருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தது வாங்குகிறவருக்குத் தெரிந்த அன்று உங்கள் ரிப்போர்ட் வெறும் தாள். தெரியாமல் இருக்குமா? நம் ஊரில்?

ஃபீஸை வீட்டின் பரப்பளவுக்கு வையுங்கள், விலைக்கு வைக்காதீர்கள். வாங்குகிறவரிடம் நேரே வாங்குங்கள், ரிப்போர்ட் கொடுக்கும் முன். வாட்டர்புரூஃபிங் காண்டிராக்ட்டும் சேர்த்துச் செய்கிறேன் என்று இறங்கினால், நீங்கள் கண்ட ஒவ்வொரு ஈரத்துக்கும் பின்னால் உங்கள் லாபம் இருக்கிறது என்று புரோக்கர் சொல்வார். பதில் இருக்காது.

சில சின்ன ஒழுங்குகள். விற்கிறவர் வீட்டில் நின்று எதையும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். அந்த அம்மா காபி கொண்டுவரும்போது "கம்பி போச்சு" என்று முகம் சுளித்தால் அன்றோடு அந்தத் தெருவில் வேலை இல்லை. "வாங்கலாமா, வேண்டாமா?" என்று வாங்குகிறவர் கட்டாயம் கேட்பார். வீட்டின் நிலையைச் சொல்வதோடு உங்கள் வேலை முடிகிறது. ரிப்போர்ட் காசு கொடுத்தவருடையது. புரோக்கருக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால் வாங்குகிறவர் வாட்ஸாப்பில் "கொடுக்கலாம்" என்று ஒரு வரி போடட்டும். முதல் போனும் வாங்குகிறவருக்கே. புரோக்கருக்கு முன்கூட்டிச் சொல்வது நட்பு மாதிரி தெரியும், பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

அப்பார்ட்மென்ட் விற்கும் ஏஜென்டுகளுக்கு வேறு ஒன்று சொல்லலாம். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைச் சொன்னால் பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நாகர்கோவிலில் ஃப்ளாட் வாங்கிய பலருக்கு இது தெரியாது. நாலரை வருஷம் ஆன வாடிக்கையாளர்களை ஏஜென்ட் ஒரு தடவை கூப்பிட்டு "கெடு முடியும் முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கிடுங்க" என்று சொன்னால் அவருக்கு நல்ல பெயர், உங்களுக்கு வேலை, யாருக்கும் நஷ்டமில்லை. பில்டரைத் தவிர.

எல்லாப் புரோக்கரையும் பிடிக்க வேண்டியதில்லை. அவசரத்தில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு மறைபவர்கள் ஒருபோதும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஒரே ஏரியாவில் வருஷக்கணக்கில் இருப்பவர், பழைய பார்ட்டியின் தம்பிக்கும் வீடு முடித்துக் கொடுத்தவர், அவர்தான் உங்கள் ஆள். அவரை எங்கே பிடிப்பது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். யார் முடித்த பத்திரத்தில் பிறகு தகராறு வரவில்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவரும் என்றாவது ஒரு நாள் "தம்பி, அந்தத் தடுப்புச் சுவர் வரியை மட்டும் எடுத்திரேன்" என்பார். எடுக்காதீர்கள். கோபப்படவும் வேண்டாம். "வரி இருக்கட்டும் அண்ணாச்சி, சுவரை இன்னொரு தடவை நாம ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம், அளவு தப்பா இருந்தா மாத்தி எழுதறேன்" என்று சொல்லித் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.