கோபுரத்து வெள்ளைக் குமிழ் உளவுக் கருவி அல்ல

திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: கைபேசிக் கோபுரங்களில் உள்ள சிறிய வெள்ளைக் குமிழ், மீனவர்களின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறதாம். தவறு.

அது ஜிபிஎஸ் ஆண்டெனா. எதையும் அனுப்பாது, வாங்க மட்டுமே செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அணுக் கடிகார நேரம்தான் அதற்குத் தேவை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் 4ஜி, 5ஜி வகைகளில், பக்கத்துக் கோபுரங்களின் நேரம் 3 மைக்ரோ விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் உப்புவெளிக் கோபுரம் பேசும்போது நிலாவெளிக் கோபுரத்தின் காது அடைத்துவிடும்.

சரி, போன் எந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறது என்பது வலையமைப்புக்குத் தெரியுமா? தெரியும், குமிழ் இல்லாவிட்டாலும் தெரியும். அழைப்பு வந்து சேர அதுதான் வழி. இந்தச் செய்தியை நம்பிக் கடலில் போனை அணைத்துவிடாதீர்கள்.