பதினொரு மாசத்தால மோசம் போனவங்க

(மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், ஜீ.எஸ். எனும் கிராம சேவகரின் கந்தோர் வாசல். 2025 பெப்ரவரி. கதவில் பூட்டு. பென்சன் மாஸ்டர் வடை சுத்திவந்த பழைய பேப்பரை நீவி வாசிக்கிறார். எண்ணெய் படாத இடமெல்லாம் அரசியல்தான்.)

மாஸ்டர்: சே, பாவங்கள். இன்னும் பதினொரு மாசம் இருந்திருந்தா...

தம்பிமுத்து: ஆரு மாஸ்டர் மோசம் போன?

மாஸ்டர்: ஒராளில்ல அண்ணன், கனபேர். எல்லாரும் ஒரே நாளில. போன செப்டம்பர் 24.

தம்பிமுத்து: ஐயோ! பஸ் பிரண்டதா?

மாஸ்டர்: ஜனாதிபதி கையெழுத்து வச்சவர்.

தம்பிமுத்து: கையெழுத்துக்கு எப்பிடி மாஸ்டர் சாகிற?

மாஸ்டர்: ஆரும் சாகல்ல! பாராளுமன்றத்தக் கலைச்ச. 2020 ஓகஸ்டில முதல் தரம் எம்பியாப் போனவங்களுக்கு அஞ்சு வருசம் நிறையல்ல. அஞ்சு நிறைஞ்சாத்தான் பென்சன், 1977 இல வந்த சட்டம்.

தம்பிமுத்து: அப்ப உயிரோடதான் இரிக்காங்க.

மாஸ்டர்: ஓம்.

தம்பிமுத்து: அதுக்கு ஜீ.எஸ். கையெழுத்து இரிக்கா?

மாஸ்டர்: என்ன பகிடியா?

தம்பிமுத்து: நீங்க வருசா வருசம் வந்து வாங்கிறீங்களே, அதான் கேட்டன். நீங்க உயிரோட இரிக்கிறதக் காட்ட வந்திரிக்கிங்க. நான் எழுபது தாண்டிட்டன், சாகக் கிட்ட எண்டு காட்ட வந்திரிக்கன். முதியோர் காசு மூவாயிரம்.

மாஸ்டர்: எண்டாலும் அஞ்சு வருசம் இருந்திருந்தா சம்பளத்தில மூண்டில ஒரு பங்கு மாசாமாசம் வந்திரிக்கும். மனிசன் போனாலும் மனிசிக்கு வரும்.

தம்பிமுத்து: நீங்க எத்தின வருசம் படிப்பிச்ச?

மாஸ்டர்: முப்பத்திமூண்டு. அறுபதில வீட்ட போ எண்டிட்டாங்க.

தம்பிமுத்து: அவங்களுக்கு அறுபதில்லயா?

மாஸ்டர்: வயசெல்லை இல்ல. ஜனாதிபதிக்குத்தான் ரெண்டு தரத்துக்கு மேல ஏலாது. எம்பிமாருக்கு அந்தக் கணக்கும் இல்ல.

தம்பிமுத்து: வயலுக்குத் தண்ணி பாக்கிற நம்மட வட்டவிதானைய, வெள்ளாமைக்காரர் கூடுற கன்னக் கூட்டத்தில எழுப்பி நிப்பாட்டி, கடைமடைக்கு ஏன் தண்ணி வரல்ல எண்டு கேக்கிறம். அந்தாளுக்குப் பென்சன் இரிக்கா?

மாஸ்டர்: அதுவும் இதுவும் ஒண்டா அண்ணன்? பாவம், பதினொரு மாசத்தால...

தம்பிமுத்து: மாஸ்டர், மூண்டரை மாசத்தில அறுக்கிற நெல்லு விதச்சன். நாப்பதாம் நாள் வெள்ளம் கொண்டுபோயிட்டு. நவம்பர் கடைசியில. எனக்கும் ரெண்டு மாசத்தாலதான் குறைஞ்ச. நீங்க எந்தப் பேப்பரப் பாத்து "பாவம்" எண்ட?

(மாஸ்டர் பேப்பரை மடிக்கிறார். எண்ணெய்ப் பக்கம் வெளியே வருகிறது. ஒரு பொடியன் சைக்கிளை நிறுத்தாமலே கத்துகிறான்: "ஜீ.எஸ். இண்டைக்கு வரமாட்டாராம்! நாளைக்கு வரட்டாம்!")

மாஸ்டர்: நாளைக்குத்தான் கடைசி நாள்!

தம்பிமுத்து: அப்ப நாளை வரைக்கும் நீங்க உயிரோட இல்ல. அந்த வடைய இஞ்ச தாங்க.

மாஸ்டர்: ஏன்?

தம்பிமுத்து: செத்தாக்களுக்கு வச்சிப்போட்டு நாமதானே தின்னுற.