“மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்”: சுற்றும் செய்தி தவறு

“க்ரோன் நோய் பரோட்டாவால் வருவது. 48 நாள் மணத்தக்காளியும் மோரும் போதும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்.” சென்னைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

க்ரோன் வெறும் வயிற்றுப்புண் அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் தடம்மாறிக் குடலில் உண்டாக்கும் நீண்டகால அழற்சி. 1932-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. மணத்தக்காளி நல்ல கீரைதான், யார் இல்லை என்றது? மருந்துக்கு மாற்று அல்ல, அவ்வளவுதான்.

ஆபத்து அந்தச் செய்தியின் கடைசி வரியில் இருக்கிறது. க்ரோனுக்குத் தரும் மாத்திரைகளில் ஒன்று, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. சில வாரம் எடுத்த அதைச் சட்டென்று நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் போதாமல் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அழற்சி அடங்காவிட்டால் நோயுள்ள பிள்ளை உயரமாவதும் பருவமடைவதும் தள்ளிப்போகலாம்.

பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ உணவு மட்டும் தரும் சிகிச்சை உண்டு. அது மோர் அல்ல; சத்தெல்லாம் கணக்கிட்டுத் தயாரித்த பானம்.

பெரம்பூரில் என் அக்கா மகனுக்கும் க்ரோன்தான்; பிளஸ் ஒன் படிக்கிறான். “நீ தின்ன பரோட்டாதான்டா” என்று பாட்டி சொன்னதும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். அவனுக்கு உதவியவை வகுப்பில் கதவோரப் பெஞ்சும், கேட்காமலே கழிவறைக்குப் போகக் கிளாஸ் டீச்சர் எழுதித் தந்த சீட்டும். பாட்டி இப்போது மாத்திரை டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்.