கடுங்குளிரில் பனிச்சரிவு வராதா?
"கடுங்குளிரில் பனி கல்லாக இறுகிவிடும், பனிச்சரிவு வராது. காஷ்மீரின் குல்மார்க்கில் எந்தச் சரிவிலும் தைரியமாக ஏறலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பனிப்போர்வை மெல்லியதாக இருந்து, மேலே கடுங்குளிரும் அடியில் தரையின் வெதுவெதுப்பும் இருந்தால், உள்ளே நீராவி மேலேறும். அடிப்பனி சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி கனத்துவிட்டால், சரிய ஓர் ஆள் எடையே போதும். குளிர் நீடிக்கும்வரை அந்த அடுக்கு சீக்கிரம் இறுகவும் செய்யாது.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அங்கே என்ன, குளிரா குறைவு?

மலையேறும் முன் சண்டிகரில் இயங்கும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் டிஜிஆர்இ (DGRE) நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இதையும் அனுப்பிவிடுங்கள்.